பத்து சதவீதம்

காவேரிப்பட்டணம் சாலை, திம்மராயன் எடைமேடை.
மாங்காய்ப் பருவம். இரவு பதினொன்றே கால்.
ஒரு சீட்டு அச்சாக நான்கு நிமிடம் என்று
என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.
அதற்குள் பெங்களூரா பழுத்துவிடும் என்றார்
வரிசையில் ஏழாவதாக நின்ற ஓட்டுநர்.

தொண்ணூற்று ஒன்பதில் வாங்கிய பெட்டி.
மூடியைக் கழற்றினால்
கிரானைட் தூசு, இரண்டு பல்லி முட்டை ஓடு,
நாலு ஜிபி வட்டு.
காதை வைத்துக் கேட்டேன்.
முறத்தில் புளியங்கொட்டை உருளும் சத்தம்.
பரவாயில்லை. டிக் டிக் என்றால்தான் பயம்.

ஒரு லாரியின் கணக்கு உள்ளே ஓரிடத்தில் இல்லை.
வண்டி எண் ஒரு மூலையில்,
பாரத்தோடு எடை வேறு மூலையில்,
வெறும் வண்டியின் எடை
போன வருஷத்து இடுக்கு ஒன்றில்.
தாலுகா ஆபீசில் ஒரு கையெழுத்துக்கு
ஐந்து மேசை அலைகிற மாதிரி
முள் அலைந்துகொண்டிருந்தது.

துண்டுகளைச் சேர்க்க டீஃப்ராக் போட்டேன்.
திரையில் சின்னச் சின்னச் சதுரங்கள்
இடம் மாறத் தொடங்கின.
மூன்று. ஆறு. ஒன்பது.
பத்து சதவீதம்.
வட்டில் மாற்றம் நேர்ந்துள்ளது,
முதலிலிருந்து தொடங்குகிறேன் என்றது.

மீன் நீந்தும் ஸ்கிரீன்சேவரை நிறுத்தினேன்.
பத்து.
ஆன்டிவைரஸை நிறுத்தினேன்.
பத்து.
ஸ்கேன்டிஸ்க் ஓடி
கெட்டுப்போன இரண்டு இடங்களைக் குறித்துக் கொடுத்தது.
அங்கே இனி யாரும் எதையும் வைக்கப்போவதில்லை.
மறுபடி பத்து.

காலியிடமும் போதவில்லை. எதை அழிக்கலாம்?
கல்யாணப் பத்திரிகை, பதினொரு நகல்,
ஒவ்வொன்றிலும் வேறு தேதி.
ஒன்றை வைத்துக்கொள்ளட்டுமா என்றேன்.
சீட்டுப் போடும் நாகவேணி
ரிப்பனை மாற்றியபடியே சொன்னாள்:
"எல்லாத்தையும் எடுங்க. நடக்கல."
யாருடையது என்று நான் கேட்கவில்லை.

வரிசை தீர்ந்தது. கயிறு கட்டினோம்.
லாரியே இல்லை. ஆனாலும் பத்து.
அப்போதுதான் பார்த்தேன்.
நிமிடத்துக்கு ஒருமுறை வட்டின் விளக்கு
ஒரு சிமிட்டல்.
எடை மென்பொருள்
யாரும் ஏறாத மேடையை நிறுத்து
பூஜ்யம் என்று எழுதிக்கொண்டிருந்தது.
அடுத்த நிமிடமும் பூஜ்யம்.
மூன்று வருஷத்துப் பூஜ்யங்கள்
வட்டு முழுக்க, மாங்காய்க்கு நடுவே, நெல்லுக்கு நடுவே.

திம்மராயனுக்குப் போன் போட்டேன்.
தூக்கத்திலேயே கத்தினார்:
"எதை வேணா நிறுத்து, பூஜ்யத்தை நிறுத்தாத.
வெறும் மேடை வெறும் மேடையாத்தான் இருந்துச்சுன்னு
காட்ட எங்கிட்ட வேற என்ன இருக்கு?"

நியாயம்தான்.
ஆனால் விடிந்தால் அறுபது லாரி.
மின்சாரம் போனால் யூபிஎஸ் பத்து நிமிடம்கூடத் தாங்காது.

நாகவேணி நீள நோட்டு ஒன்றை எடுத்தாள்.
கோடு போட்டாள். மணி, எடை.
"நீங்க அதை நிறுத்துங்க" என்றாள்.
எண்காட்டியின் சிவப்பைப் பார்த்துப் பார்த்து
ஒன்று முப்பது, பூஜ்யம்.
ஒன்று முப்பத்தொன்று, பூஜ்யம்.

பதினொன்று. பன்னிரண்டு.
சதுரங்கள் ஒழுங்காக நகர்ந்தன.
லாரிக்கடியில் ஒருவர் இருமினார்.
சுங்கச்சாவடிப் பக்கமிருந்து ஒரு நாய் வந்து
மேடை நடுவில், பகல் சூடு மிச்சமிருந்த இரும்பில்,
சுருண்டு படுத்தது.
பத்துப் பத்தாகத்தான் எண்ணும் மேடை அது.
இருபது என்றது.
இருபது, நாய் என்று எழுதினாள்.
அதை விரட்டவில்லை.

நான்கு நாற்பதுக்கு முடிந்தது.
முதல் சீட்டு பதினெட்டு நொடியில் வந்தது.
ஓட்டுநர் அதைக் கிழித்துக்கொண்டு
ஒன்றும் சொல்லாமல் போனார்.

இனி அந்த நோட்டைப் பார்த்து
விட்டுப்போன இரவைக் கணினியில் ஏற்ற வேண்டும்.
அவள் படிக்க, நான் தட்டினேன்.
பூஜ்யம், பூஜ்யம், இருபது, இருபது, பூஜ்யம்.
மூன்று பத்துக்குப் பேனா கோணலாய் இழுத்திருந்தது.
மூன்று இருபத்திரண்டுக்கு மறுபடி கையெழுத்து.

நடுவில் ஒன்றுமில்லை.
பூஜ்யம்கூட இல்லை.